வசந்த காலக் கார்ப் பயணம்: கூடாரம், கயாக், உறவினர் வீடு மூன்றையும் ஒரே சுற்றில் முடிப்பது எப்படி?

குளிர்காலம் முடியப் போகிறது. கையில் ஒரு வாரமோ பத்து நாளோ விடுப்பு இருக்கிறது. வழியில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கலாம், ஒரு ஏரியில் கயாக் (துடுப்பு போட்டுச் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகு) விடலாம், அப்படியே சித்தி வீட்டையும் எட்டிப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் முகாமுக்கு மாதக்கணக்கில் முன்பே இடம் பிடிக்க வேண்டும். கயாக் போவதா வேண்டாமா என்பது அன்று காலை அடிக்கிற காற்றைப் பார்த்துத்தான் முடிவாகும். சித்தியோ "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று இப்போதே கேட்பார். இந்த மூன்றையும் மோதவிடாமல் அடுக்க நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். கூடாரமும் படகும் இதுதான் முதல் தடவை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தேதியைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் உறவினருக்குப் போன் போட்டுத் தேதி சொல்லிவிடுகிறோம். அப்புறம் அந்தத் தேதிக்கு முகாம் தேடுகிறோம். கடைசியில் மிச்சமிருக்கும் அரை நாளில் கயாக்கைத் திணிக்கிறோம். இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள்.

வசந்தத்தில் காற்று சீக்கிரம் சூடாகிவிடும், தண்ணீர் சூடாகாது. வெளியே 20 டிகிரி வெயில் அடிக்கும்போது ஏரித் தண்ணீர் 8 டிகிரியில் இருக்கலாம். பனி உருகி வரும் ஆறுகள் வருடத்திலேயே அதிகமாகப் பெருகுவதும் இந்தப் பருவத்தில்தான். அதனால் தேதியை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு நல்லது. வசந்தத்தின் கடைசிப் பகுதி புதியவர்களுக்கு ஏற்றது.

ஆறுகளின் கடினத்தை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் ஒன்றாம் தரத்தைத் தாண்டவே வேண்டாம். என்னைக் கேட்டால் ஆறே வேண்டாம், கரை வளைந்து அணைத்தாற்போல் இருக்கும் சின்ன ஏரியைத் தேர்ந்தெடுங்கள். அந்தத் தேதியில் படகு வாடகைக் கடை திறந்திருக்குமா என்று போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். பருவத் தொடக்கத்தில் பல கடைகள் வார இறுதியில் மட்டுமே இயங்கும்.

தண்ணீருக்குத் தோதான நாட்கள் தெரிந்த பிறகு முகாம். அது உறுதியான பிறகுதான் உறவினருக்குப் போன்.

2. ஒரு நாளுக்கு ஒரு வேலை

கார் ஓட்டும் நாள், தண்ணீர் நாள், வீட்டு நாள் என்று பிரித்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டைக் கலக்காதீர்கள். வரைபடச் செயலி நான்கு மணி நேரம் என்றால் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே முகாமில் இருக்க வேண்டும். இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு முதல் தடவையாகக் கூடாரம் போடுவது யாருக்கும் வேண்டாத அனுபவம்.

வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அந்த வார இறுதி உங்கள் பயணத்தில் விழுகிறதா, போகும் வழியில் நேர மண்டலம் மாறுகிறதா என்று பாருங்கள். படகுக் கடை உங்களுக்காகக் காத்திருக்காது.

உறவினர் வீட்டைப் பயணத்தின் கடைசியில் வைக்காமல் நடுவில், தண்ணீர் நாளுக்கு அடுத்தபடியாக வையுங்கள். காரணம் எட்டாவது படியில் வருகிறது.

3. முகாம் இடம் பிடிப்பது

பெயர் பெற்ற இடங்களில் முன்பதிவு மூன்று முதல் ஆறு மாதம் முன்பே திறக்கும், பள்ளி விடுமுறை வார இறுதிகள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். பணம் திரும்பக் கிடைக்கும் கெடு முடிவதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் நிறையப் பேர் ரத்து செய்வார்கள். அப்போது தினமும் காலையில் ஒருமுறை தளத்தைத் திறந்து பாருங்கள். செவ்வாய், புதன் என்று வார நடுவில் போக முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பதிவு செய்யும்முன் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். உறைபனி பயம் விலகும்வரை பல முகாம்களில் குழாயைத் திறக்க மாட்டார்கள், தண்ணீர் வருமா? ஒரு இடத்துக்கு எத்தனை கார், எத்தனை கூடாரம்? உறவினர் தங்கள் காரில் வந்து சேர்ந்துகொள்வதாக இருந்தால் இரண்டாவது காருக்குத் தனிக் கட்டணம் இருக்கும். வாயில் இரவு எத்தனை மணிக்கு மூடப்படும்? தரை எப்படி, மண்ணா, சரளையா, பலகை மேடையா? சரளையிலும் பலகையிலும் கூடாரத்தைத் தரையோடு இறுக்கும் சாதாரண முளை இறங்காது.

பதிவுப் படிவத்தில் கார் எண் கேட்பார்கள். வாடகைக் கார் என்றால் அந்த எண் காரை எடுக்கும் நாளில்தான் தெரியும். இப்போதைக்கு எதையாவது நிரப்பினாலும், காரை எடுத்ததும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ரோந்து வருபவர் கண்ணாடியில் அபராதச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுவார்.

4. காகிதங்கள்

முகாம் வாயிலில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. அதனால் எல்லாவற்றையும் அச்சிட்டு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டுக்குள் வையுங்கள். போனிலும் இணையம் இல்லாமல் திறக்கும்படி ஒரு நகல் இருக்கட்டும்.

ஓட்டுநர் உரிமம் வேறு நாட்டில் வாங்கியது என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதி தேவையா என்று கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே பாருங்கள். அதை உரிமம் கொடுத்த நாட்டில்தான் வாங்க முடியும். 1949ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி வாங்குவது ஓராண்டு செல்லும், 1968ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி வாங்குவது அதிகபட்சம் மூன்றாண்டு. போகிற நாடு எதை ஏற்கிறது என்று பார்த்துதான் வாங்க வேண்டும். அது வெறும் மொழிபெயர்ப்புத்தான், அசல் உரிமம் கூடவே இல்லாவிட்டால் பயனில்லை.

வாடகைக் கார் ஒப்பந்தத்தில் இந்த நான்கு வரிகளைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்:

- மண் சாலை, சரளைச் சாலையில் ஓட்டலாமா? முகாமுக்குப் போகும் கடைசிக் கிலோமீட்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.
- மேற்கூரையில் சுமை ஏற்றலாமா? கூரை, கண்ணாடி, டயர், காரின் அடிப்பாகம் ஆகியவற்றைக் காப்பீட்டிலிருந்து கழற்றிவிடுவது சாதாரணம்.
- மாநில, நாட்டு எல்லையைத் தாண்டலாமா? எழுத்து மூலம் அனுமதி கேட்பார்கள்.
- வேறு யார் ஓட்டலாம்? பெயர் சேர்க்காத ஒருவர், உதாரணமாக அத்தை மகன், பாசத்தில் "நான் கொஞ்ச தூரம் ஓட்டறேன்" என்று உட்கார்ந்து காரை இடித்தால், காப்பீடு கைவிரித்துவிடும்.

இவற்றோடு முகாம் பதிவுச் சீட்டு (பதிவு செய்தவரே அடையாள அட்டையுடன் வர வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள்), பூங்கா நுழைவுச் சீட்டு, சொந்தப் படகு என்றால் அந்த நீர்நிலைக்கான அனுமதி. வரிக்குதிரை மட்டி (கோடு போட்ட சிறு சிப்பி) போன்ற, வேற்றிடத்து நீர்வாழ் உயிர்கள் ஒட்டிக்கொண்டு பரவுவதால், படகைச் சோதித்த பிறகே தண்ணீரில் இறக்க விடும் ஏரிகள் உண்டு. ஈரமான படகுடன் போய் நின்றால் திருப்பி அனுப்பலாம். ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் கழுவி, தேங்கிய நீரை வடித்து, நன்றாகக் காயவைக்க வேண்டும்.

5. கயாக்: அங்கேயே வாடகையா, கூரையில் கட்டிக்கொண்டு போவதா?

முதல் பயணத்துக்கு அங்கேயே வாடகைக்கு எடுப்பதுதான் சரி. வாடகை கொஞ்சம் வலிக்கும், ஆனால் லைஃப் ஜாக்கெட், துடுப்பு, ஈர உடை (வெட்சூட், குளிர்ந்த நீரில் உடம்புச் சூட்டைக் காக்கும் இறுக்கமான ரப்பர் உடை) எல்லாம் சேர்ந்து வரும். அந்த ஏரியைப் பற்றித் தெரிந்த ஒருவரின் பேச்சும் இலவசமாகக் கிடைக்கும். உள்ளே கால் நுழைத்து உட்காரும் வகையைவிட, மேலே உட்காரும் வகையைக் கேளுங்கள். கவிழ்ந்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள், திரும்ப ஏறுவதும் சுலபம்.

உறவினர் யாரோ படகு தருகிறார்கள், எடுத்துப் போகத்தான் வேண்டும் என்றால், முதலில் கார்க் கையேட்டில் கூரை தாங்கும் எடையைப் பாருங்கள். பல கார்களில் அது 50 முதல் 75 கிலோ வரைதான், படகைத் தாங்கக் கூரையில் பொருத்தும் ரேக் கம்பிகளின் எடையும் அதற்குள் அடக்கம். ஒரு பிளாஸ்டிக் கயாக் 20 முதல் 30 கிலோ வரும். இரண்டு வைத்தால் வரம்பைத் தொட்டுவிடுவீர்கள்.

கட்டும்போது படகின் வயிற்றுப் பகுதியில் இரண்டு பட்டை, மூக்கிலிருந்து ஒரு கயிறு, வாலிலிருந்து ஒரு கயிறு. பட்டை, கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் வகையாக இருக்கட்டும். ராட்செட் (பல்சக்கர நெம்புகோல்) போட்டு முறுக்கினால் படகின் உடல் நசுங்கும். பட்டையைத் தட்டையாக இழுத்துக் கட்டினால் நெடுஞ்சாலையில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓயாமல் சத்தம் போடும். ஒரே ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டுங்கள், நின்றுவிடும். மிச்சமிருக்கும் நுனிகளைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள், முன்கயிறு அவிழ்ந்து சக்கரத்துக்கு அடியில் போனால் விபரீதம். கிளம்பிக் கால் மணி நேரத்தில் ஓரம் கட்டி எல்லாவற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், நிச்சயம் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். சுமை காருக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீட்டினால் பல நாடுகளில் அடையாளம் கட்டியாக வேண்டும்.

இன்னொன்று, படகோடு சேர்த்துக் காரின் உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்துக்குள் நுழையும் நேரத்தில் கூரையில் படகு இருப்பதே மறந்துபோகும்.

6. குளிர்ந்த தண்ணீர்

இந்தப் படியை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால், விழுந்த கணத்தில் உடம்பு தானாகவே 'ஹக்' என்று மூச்சை உள்ளிழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். நன்றாக நீந்துகிறவருக்கும் இதேதான். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று மனதில் வைக்கச் சொல்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவருவது. அடுத்த பத்து நிமிடம் கை, கால் பேச்சைக் கேட்கும் நேரம், படகில் ஏறுவதை அதற்குள் முடிக்க வேண்டும். உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கே செல்லும். இல்லையென்றால் முதல் நிமிடத்திலேயே கதை முடியலாம்.

ஆகவே லைஃப் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு போவது, ஜிப் போடாமல் மாட்டிக்கொள்வது எல்லாம் கூடாது. போட்டபின் யாரையாவது தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை வந்தால் அது உங்கள் அளவு இல்லை. கயாக்குக்குப் பொதுவாகத் தரும் 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை நீச்சல் தெரிந்தவருக்கானது. தெரியாதவர் 100 நியூட்டன் கேட்டு வாங்குங்கள். குழந்தைகளுக்கு எடை பார்த்துத்தான் தர வேண்டும், "வளர்ந்தா சரியாயிடும்" என்பது துணிக்கடைப் பேச்சு.

உடையைத் தண்ணீரின் குளிருக்கு ஏற்ப உடுத்துங்கள், வெயிலைப் பார்த்து அல்ல. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, சூட்டையும் உறிஞ்சும். ஜீன்ஸ் சொல்லவே வேண்டாம். கடையில் ஈர உடை கொடுத்தால் வெட்கப்படாமல் மாட்டிக்கொள்ளுங்கள்.

காற்றில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றில், நீங்கள் நிற்கும் இடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மரங்கள் மறைக்கின்றன, அவ்வளவுதான். நூறு மீட்டர் உள்ளே போனதும் அது உங்களைத் தள்ளிக்கொண்டே போகும், திரும்பி வரும்போதுதான் அதன் பலம் தெரியும். ஆகவே எப்போதும் காற்றை எதிர்த்துக் கிளம்புங்கள், களைத்தபின் அது உங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் முதல் தடவைக்காரர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். பெரும்பாலும் காலையில் காற்று அடங்கியிருக்கும், மதியத்துக்கு மேல் எழும். காலையிலேயே முடித்துவிடுங்கள்.

ஆற்றில்தான் போவது என்றால் இரண்டு எமன்கள். ஒன்று, விழுந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இன்னொன்று, குட்டையான தடுப்பணை. மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, அடியில் சுழல் விடாது. பனி உருகும் ஆறுகள் மலையடிவாரத்தில் மாலையில் பெருகும் என்பதால் காலையில் பார்த்த ஆறு சாயங்காலம் வேறாக இருக்கும்.

கவிழ்ந்தால் படகை விடாதீர்கள், அது மிதக்கும், தூரத்திலிருந்தும் தெரியும். போனை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு மாட்டுங்கள், படகில் கட்டினால் படகோடு போய்விடும்.

7. கூடாரத்தில் இரவு

ஸ்லீப்பிங் பேக்கின் பையில் பெரிய எழுத்தில் ஒரு வெப்பநிலை போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். உள்ளே உள்ள சீட்டில் மூன்று எண் இருக்கும்: சுகமாகத் தூங்கும் வெப்பநிலை, தாக்குப்பிடிக்கும் எல்லை, உயிர் பிழைக்கும் எல்லை. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவது, அதுவும் முன்னறிவிப்பு சொல்லும் இரவு வெப்பநிலையைவிட ஐந்து டிகிரி குறைவாக இருப்பது நல்லது. அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் பாய். வசந்தத்தில் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். பாயில் ஆர் மதிப்பு (குளிரை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) என்று ஒரு எண் இருக்கும், நான்குக்குக் குறையாமல் பாருங்கள்.

காலையில் அடுப்பு எரியவில்லை என்றால் அடுப்பைத் திட்ட வேண்டாம், கேஸ் டப்பாவைப் பாருங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரொப்பேன் கலந்த டப்பா வாங்குங்கள். எவ்வளவு குளிரானாலும் அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

ஆற்றங்கரையை ஒட்டிக் கூடாரம் போடாதீர்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள், மரத்தைத் தின்னும் பூச்சிகள் விறகோடுதான் ஊர் மாறுகின்றன. உண்ணிகள் விழித்துக்கொள்ளும் பருவம் இது. மாலையில் முழங்கால் பின்புறம், அக்குள், இடுப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

8. உறவினர் வீடு

"சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்" என்று சொல்லாதீர்கள். "சனி சாயங்காலம், காற்று சரியில்லைன்னா ஞாயிறு" என்று சொல்லுங்கள். மணி சொல்லிவிட்டால் அந்த மணிக்காகவே காற்றில் படகை இறக்கும் சபலம் வரும்.

கூடவே நாலு கேள்வியும் கேட்டுவிடுங்கள்: கார் நிறுத்த இடமும் உயரமும் எப்படி? படகைக் கழுவக் குழாய் உண்டா? கூடாரத்தை விரித்துக் காயப்போட இடம் இருக்குமா? துணி துவைக்கலாமா? நடுவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். நனைந்த கூடாரத்தைச் சுருட்டியபடியே இரண்டு நாள் காரில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். முந்தின இரவு மழை என்றால் வீட்டு வாசலில் போய் நின்றதும் முதலில் இறங்க வேண்டியது அதுதான்.

அவர்களிடம் ஒரு முக்கியமான வேலையையும் ஒப்படைக்கலாம். தண்ணீரில் இறங்கும்முன் சித்தப்பாவுக்கு ஒரு செய்தி: எந்த ஏரி, கார் எங்கே நிற்கிறது, கார் எண், எத்தனை பேர், படகின் நிறம், எத்தனை மணிக்குக் கரையேறுவோம், எத்தனை மணிவரை தகவல் இல்லையென்றால் அவசர உதவியை அழைக்க வேண்டும். கரையேறியதும் மறக்காமல் "வந்துட்டோம்" என்று அனுப்புங்கள். மறந்தால் மீட்புப் படை கிளம்பிவிடும். ஆற்றில் ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் ஏறுவதாக இருந்தால் இரண்டு கார் வேண்டும், அதற்கும் அவர்கள்தான் கதி.

9. செலவு

தொகை இடத்துக்கு இடம் மாறும், ஆனால் புதியவர்கள் விட்டுவிடும் தலைப்புகள் எங்கும் ஒன்றுதான். பூங்கா நுழைவுக் கட்டணமும் முகாம் கட்டணமும் வேறுவேறு. முகாமில் இரவுக் கட்டணத்தோடு பதிவுக் கட்டணமும் சேரும், ரத்து செய்தால் அது திரும்பாது. படகுத் துறையில் கார் நிறுத்தக் காசு. கூரையில் படகு இருந்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் மெதுவாகப் போனால் மிச்சம். மண்ணோடு காரைத் திருப்பினால் சுத்தம் செய்யும் கட்டணம்.

பொருள் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதீர்கள். கூடாரம், அடுப்பு, நாற்காலி போன்றவற்றை யாரிடமாவது இரவல் வாங்கலாம். காசு போடுவதாக இருந்தால் பாயிலும் ஸ்லீப்பிங் பேக்கிலும் போடுங்கள். இரவல் கூடாரத்தை வீட்டிலேயே ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள், கம்பி ஒன்று குறைவது முகாமில் தெரிய வேண்டாம்.

கார், படகு இரண்டுக்கும் முன்பணமாகக் கார்டில் ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள். அது செலவு இல்லைதான், ஆனால் பயணம் முழுவதும் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. கார்டு வரம்பு போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் காரின் கூரை, சக்கர விளிம்பு, படகின் அடிப்பாகம் மூன்றையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். முடக்கிய தொகை விடுபடச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அது கணக்கில் திரும்ப வந்து சேரும்வரை படங்களையும் ரசீதுகளையும் அழிக்க வேண்டாம்.